ஆளுக்கொரு ஆற்றங்கரை

அன்புள்ள செல்வம்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. வீட்டில் எல்லோரும் நலம். மாண்ட்ரியாலில் குளிர் விட்டபாடில்லை.

பாகப்பிரிவினையில் வாய்க்கால் பக்கம் யாருக்கு என்று அண்ணன் தம்பி மூவரும் முறைத்துக்கொண்டு நிற்பதாக எழுதியிருந்தாய். சிரிக்கக் கூடாதுதான், சிரிப்பு வந்துவிட்டது. இங்கே செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பஞ்சாயத்தை எப்போதோ முடித்துவிட்டார்கள். விமான ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்: ஆற்றில் தொடங்கிக் காட்டுப் பக்கம் ஓடும் நீளமான பட்டைகள். அகலம் 3 அர்ப்பான் (பழைய பிரெஞ்சு நில அளவு), நீளம் 30 என்பது வழக்கமான கணக்கு. அதாவது சுமார் 175 மீட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர்.

அன்றைக்குச் சாலை ஏது, ஆறுதான் சாலை. கோடையில் படகு, குளிரில் உறைந்த ஆற்றின் மேல் சறுக்குவண்டி. முன்னால் மீன், பின்னால் விறகு. அப்பா போனபின் பிள்ளைகள் நீளவாக்கில் பிரித்துக்கொள்வார்கள், ஒருவருக்கும் கரை போகாது. பேரன் காலத்தில் நிலம் ஒடுங்கிப்போகும், அது வேறு கதை. கரை நிரம்பியதும் பின்னால் சாலை போட்டு இரண்டாம் வரிசை. அதற்கு 'ராங்' என்று பெயர். மேலே 'சேன்யர்' என்று ஒரு ஜமீன்தார், அவருக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டியது தனி. 1854இல்தான் அந்த முறை ஒழிந்தது.

அதிகாரிகளுக்கு இப்படிச் சிதறி இருப்பது பிடிக்கவில்லை. இரோக்வாய் என்ற பூர்வகுடியினர் தாக்கினால் யார் காப்பாற்றுவது? 1660களில் கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் ஷார்ல்பூரில் நடுவே சதுக்கம் வைத்து, அதைச் சுற்றி ஆரங்கள் போல வயல் பிரித்தார்கள். நம் ஜனங்களைப் போலத்தான், பெரும்பாலோர் கேட்கவில்லை. 1749இல் வந்த ஸ்வீடன் தாவரவியலாளர் பெர் கால்ம், மாண்ட்ரியாலிலிருந்து கியூபெக் நகரம் வரை ஒரே கிராமம் என்று சொல்லலாம் என எழுதினார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தக் கரையெல்லாம் காலி நிலமில்லை. பூர்வகுடிகளிடம் யார் கேட்டார்கள்? அப்புறம் மேற்கே செந்நதி (ரெட் ரிவர்) பக்கம் மெட்டி மக்களும், பிரெஞ்சு வியாபாரிகளுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வம்சத்தார், இதே பட்டை நிலங்களில்தான் வாழ்ந்தார்கள். கனடா அரசு சதுரம் சதுரமாக அளக்க ஆளனுப்பியது. 1869 அக்டோபரில் மெட்டிகளின் தலைவர் லூயி ரியேலும் கூட்டாளிகளும் அளவுச் சங்கிலியின் மேல் ஏறி நின்றுவிட்டார்கள். ரெட் ரிவர் கிளர்ச்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

நீங்களும் நீளவாக்கில் பிரியுங்கள், ஆளுக்கொரு மடை கிடைக்கும். ஆனால் டிராக்டர் திரும்ப இடமிருக்குமா என்று முதலில் பார். பெரியண்ணன் ஒத்துக்கொண்டாரா, எழுது. கோபால் இன்னும் அந்த ஓட்டை சைக்கிளைத்தான் ஓட்டுகிறானா?

அன்புடன்,
ரவி