பள்ளத்துக்குள்ள ஒரு லட்சம் பேர்

அப்பாவுக்கு,

நல்லா இருக்கேன்ப்பா. போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல எனக்குப் பின்னாடி தெரிஞ்சதைப் பாத்துட்டு "என்னம்மா அது, கல்குவாரியா"ன்னு கேட்டீங்கல்ல, நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா போனைப் பிடுங்கி நான் மெலிஞ்சுட்டேன்னு ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் நெட்டும் போயிடுச்சு. அதான் உக்காந்து டைப் பண்றேன். தம்பிகிட்ட சொல்லி பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துக்கோங்க, போன்ல படிச்சு கண்ணைக் கெடுத்துக்காதீங்க.

அது குவாரி இல்லப்பா, ஸ்டேடியம். எங்க யுனிவர்சிட்டியோட ஃபுட்பால் ஸ்டேடியம். பேரு மிச்சிகன் ஸ்டேடியம், ஊர்ல எல்லாரும் பிக் ஹவுஸ்னு சொல்வாங்க. அமெரிக்கால ஃபுட்பால்னா உதைக்கிறது இல்ல, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டுறது. முக்கால்வாசி தரைக்குக் கீழ தோண்டிக் கட்டிருக்காங்க, அதனால கேட் பக்கம் நின்னு எட்டிப் பாத்தா கீழ கீழன்னு படி இறங்கிக்கிட்டே போகும், உங்களுக்கு குவாரின்னு தோணுனது தப்பே இல்ல. 1,07,601 பேர் உக்காரலாம். இந்த ஆன் ஆர்பர் ஊரோட மொத்த ஜனத்தொகையே கிட்டத்தட்ட 1,20,000தான், யோசிச்சுப் பாருங்க. அதுவும் வருஷத்துக்கு ஏழெட்டு சனிக்கிழமைதான் இங்க மேட்ச், மத்த நாளெல்லாம் சும்மா கெடக்கும், நான் தினமும் அது ஓரமாத்தான் கிளாஸுக்கு நடக்கிறேன், ஒரு ஈ காக்கா இருக்காது.

மேட்ச் அன்னிக்கு மட்டும் தேர்த்திருவிழா மாதிரி. காலைல ஏழு மணிக்கே ரோட்ல வண்டி நிக்கும். எங்க ஹவுஸ் ஓனர் முன்னாடி இருக்கிற புல்தரைல கார் நிறுத்த விட்டுக் காசு வாங்குவாரு, தெருவுல பாதி வீடு அப்படித்தான், அட்டைல விலை எழுதிப் பிடிச்சுக்கிட்டு சின்னப் பசங்க நிப்பாங்க. போன மாசம் ஒருநாள் அவருக்கு முழங்கால் வலின்னு நானும் போய் ரெண்டு மணிநேரம் கையை ஆட்டி ஆட்டி வண்டியை உள்ள விட்டேன். பதினாலு கார். ஒரு இஞ்ச் இடைவெளி விடல, நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட்ல பைக் நிறுத்துறவரு பாத்தா பெருமைப்பட்டிருப்பாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீங்க கேக்கப்போறது தெரியும், இவ்வளவு பெருசு கட்ட காசு யாரு குடுத்தாங்க, கவர்மெண்டா, பசங்க ஃபீஸ்ல இருந்தா. திருப்பணிக் கமிட்டில பன்னெண்டு வருஷம் பொருளாளரா இருந்தவர் வேற எதைக் கேப்பீங்க.

1920கள்ல இங்க ஃபீல்டிங் யோஸ்ட்னு ஒருத்தர், முன்னாடி கோச்சா இருந்துட்டு அப்புறம் விளையாட்டு டிபார்ட்மெண்ட்டுக்கே தலைவர் ஆனவரு. பழைய மைதானம் பத்தல, ஜனம் டிக்கெட் கெடைக்காமத் திரும்பிப் போகுது. அவரு வரிப்பணம் ஒரு பைசா வேண்டாம்னுட்டு கடன் பத்திரம் போட்டாரு, ஒரு பத்திரம் 500 டாலர், மொத்தம் 3,000 பத்திரம், வட்டி வெறும் 3 சதவீதம். இந்த வட்டிக்கு எவன் வாங்குவான்னு நீங்க கேக்கலாம். அங்கதான் கெட்டிக்காரத்தனமே, பத்திரம் வாங்குனவங்களுக்கு மைதானத்தோட நடுப்பகுதில நல்ல இடமா டிக்கெட் வாங்குற உரிமை பத்து வருஷத்துக்கு. டிக்கெட் இல்லப்பா, டிக்கெட் வாங்குற *உரிமை*. காசு குடுத்தவனுக்கு முதல் மரியாதை, பரிவட்டம் கட்டுறோம்ல, அதேதான். மொத்தம் 15 லட்சம் டாலர். ஸ்டேடியத்துக்கு ஆனது 9,50,000. மிச்சத்துல மத்த பசங்க விளையாட உள்ளரங்கம் அது இதுன்னு கட்டிருக்காங்க, அந்த உள்ளரங்கம் 1928ல இருந்து இருக்கு. 1927 அக்டோபர்ல ஸ்டேடியம் திறந்தப்போ 72,000 இடம்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அன்னிக்கு இவங்க 72,000 போதும்னு கட்டுனாலும் அஸ்திவாரத்தை மட்டும் யோஸ்ட் ஒரு லட்சத்துக்கு மேல தாங்குற மாதிரி போட வெச்சுட்டாரு. நம்ம வீட்டு மொட்டை மாடில தூண் கம்பியை நீட்டி விட்டிருக்கீங்களே, எதிர்காலத்துல மாடி எடுக்கலாம்னு, அதே ஐடியா. வித்தியாசம் என்னன்னா இவங்க எடுத்துட்டாங்க, நம்ம கம்பி பதினெட்டு வருஷமா துரு பிடிச்சு அம்மா அதுல வத்தல் துணி கட்டுறாங்க. (கோச்சுக்காதீங்கப்பா.) 1949ல 97,000க்கு மேல போச்சு, 1956ல 1,01,001. கடைசில அந்த ஒண்ணு எதுக்குன்னா, ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர்னு யோஸ்ட்டுக்கு அப்புறம் வந்த தலைவருக்கு மரியாதையா ஒரு சீட்டாம், அது எந்த சீட்டுன்னு வெளிய சொல்றதில்ல, அதுக்கப்புறம் எத்தனை தடவை மாத்திக் கட்டுனாலும் எண்ணிக்கை ஒண்ணுலதான் முடியும். நாம மொய் 101, 1001ன்னு எழுதுற மாதிரி. கட்டும்போது அடியில ஊத்து இருந்து மண்ணு பொதபொதன்னு ஒரு கிரேனையே முழுங்கிடுச்சுன்னும், அது இன்னும் உள்ளயே இருக்குன்னும் சொல்வாங்க, நெஜமா கதையா தெரியாது ஆனா புதுசா வர்ற எல்லாருக்கும் சொல்லிடுவாங்க.

இந்த சீட்டு உரிமை விக்கிற வித்தை இன்னிக்கும் அப்படியே ஓடுது, பேரு மட்டும் மாறிடுச்சு. ரெண்டு வாரம் முன்னாடி லேப்ல கூட இருக்கிற பொண்ணு வர முடியலன்னு அவ டிக்கெட்டை எனக்குக் குடுத்தா. அலுமினியப் பலகை, அதுல நம்பர் ஒட்டிருக்கு, ஒரு நம்பருக்கு ஒரு ஆளு. குளிருக்கு எல்லாரும் கோட்டுக்கு மேல கோட்டு போட்டு வர்றதால நம்பருக்குள்ள யாரும் அடங்க மாட்டாங்க, டவுன் பஸ்ல "கொஞ்சம் தள்ளிக்கோங்க"ன்னு உக்கார்ற மாதிரிதான். பக்கத்துல ஒரு வெள்ளக்காரப் பாட்டி, நம்ம ஆச்சி வயசு இருக்கும், கால்ல போர்வை, கைல ஃப்ளாஸ்க். இடைவேளைல அவங்களா பேச ஆரம்பிச்சாங்க. நாப்பது வருஷமா இதே ரெண்டு சீட்டாம், ஒண்ணு அவங்க வீட்டுக்காரருக்கு, அவரு இப்ப இல்ல, ஆனா விடலையாம். டிக்கெட் காசு தனி, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு சீட்டுக்கும் வருஷா வருஷம் "நன்கொடை"ன்னு ஒண்ணு கட்டணுமாம், கட்டலைன்னா சீட்டு போயிடும். இது 2005 வாக்குல வந்திருக்கு. நல்ல இடமா இருந்தா நன்கொடை ஜாஸ்தி. குடுக்கக் குடுக்க பாயிண்ட் ஏறும், பாயிண்ட் ஜாஸ்தி இருந்தா இன்னும் நல்ல இடத்துக்கு நகரலாம்.

கட்டாயமா வாங்கிட்டு நன்கொடைன்னு சொல்றதான்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா இதுல ஒரு பெரிய கூத்து இருந்திருக்குப்பா. இந்த நன்கொடைல 80 சதவீதத்துக்கு வருமான வரி விலக்கு இருந்துச்சு, வருஷக்கணக்கா, நாடு பூரா எல்லா காலேஜுக்கும். அதாவது சீட்டுக்குக் குடுத்த காசை தர்மக் கணக்குல காட்டிக்கலாம். 2017ல சட்டம் மாத்தி அதை எடுத்துட்டாங்க. வரிப்பணம் தொடலன்னு சொன்னாங்களே தவிர சைடுல கவர்மெண்ட் விட்டுக் குடுத்திருக்கு. எனக்கென்னவோ இது ஏமாத்து வேலைன்னுதான் படுது, நீங்க கணக்கு எழுதுற ஆளு, நீங்க சொல்லுங்க.

கடைசியா பெருசா கட்டுனது 2010ல. 22 கோடியே 60 லட்சம் டாலர். ரெண்டு பக்கமும் செங்கல் செங்கலா உயரமான கட்டடம், அதுக்குள்ள கண்ணாடி ரூம், 80க்கும் மேல, ஹீட்டர் போட்டு சோபா போட்டு சாப்பாடு போட்டு. ஒரு ரூமுக்கு வருஷ வாடகை அப்போ 55,000ல இருந்து 85,000 டாலர். மொதல்ல கடன் பத்திரம் போட்டுக் கட்டிட்டு அந்த வாடகைலயும் பெரிய மனுஷங்க நன்கொடைலயும் அடைக்கிறது. நிர்வாகக் குழுவுலயே எல்லாரும் ஒத்துக்கல, பணக்காரனுக்குத் தனி மாடமான்னு சண்டை. நடுவுல கை கால் வெளங்காத முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒண்ணு, இத்தனை ஆயிரம் சீட்டுல வீல்சேருக்கு இடம் ஏன் இவ்வளவு கம்மின்னு 2007ல கேஸ் போட்டுச்சு, 2008ல சமரசம் ஆகி 300க்கு மேல வீல்சேர் இடம் விடுறதா ஒத்துக்கிட்டாங்க. எனக்கு ஸ்டேடியம் பூரா பாத்ததுல மனசுக்குப் பிடிச்சது அந்த வரிசைதான்.

எல்லாருக்கும் இப்படி அமையல. கலிபோர்னியால பெர்க்லில என் காலேஜ் சீனியர் ஒருத்தி படிக்கிறா, அவங்க ஸ்டேடியம் நேரா பூகம்பப் பிளவு மேலயே நிக்குது, அதை இடிச்சுப் பலமாக் கட்டி 2012ல திறந்தாங்க, 30 கோடி டாலர் தாண்டிடுச்சு. அவங்க போட்ட திட்டம் என்னன்னா அம்பது வருஷத்துக்கு சீட்டை மொத்தமா வித்துடலாம், ஒரு சீட்டு 40,000ல இருந்து ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும். நினைச்ச அளவு விக்கல. கடன் அடையாம அப்படியே நின்னுடுச்சு, பாதியை யுனிவர்சிட்டியே தலைல ஏத்துக்கிட்டுது, கடனைக் கட்டி முடிக்க 2100 தாண்டிப் போகுமாம். அவளோட கொள்ளுப்பேரன் அங்க படிச்சாலும் அந்தக் கடன் இருக்கும். இன்னும் நிறைய காலேஜ்ல பசங்க ஃபீஸ்லயே விளையாட்டுக்குன்னு ஒரு தொகை சேத்து வாங்குறாங்க, மேட்ச் பாக்காத பசங்களும் கட்டணும். எனக்கு அப்படி ஒண்ணு ஃபீஸ் பில்லுல இல்ல, நாலு தடவை பாத்தேன், பயப்படாதீங்க. இங்க விளையாட்டு டிபார்ட்மெண்ட் டிக்கெட், டிவி காசு, நன்கொடை இதுலயேதான் ஓடும்னு பெருமையா சொல்லிக்குவாங்க. அதுக்காக எதையும் விக்கிறாங்க, 2024ல இருந்து உள்ள பீரும் விக்கிறாங்க. பாட்டி அதைச் சொல்லி உதட்டைப் பிதுக்கினாங்க பாருங்க, அப்படியே ஆச்சிதான்.

இத்தனை கோடி புரளுது, ஆடுற பசங்களுக்கு ரொம்ப காலம் ஸ்காலர்ஷிப், சாப்பாடு தவிர காலேஜ்ல இருந்து சம்பளம்னு ஒண்ணும் கெடையாது. 2025 ஜூலைல இருந்துதான் கோர்ட் சமரசத்துல காலேஜே நேரா காசு குடுக்கலாம்னு வந்திருக்கு, ஒரு காலேஜுக்கு வருஷம் 2 கோடி டாலர் சொச்சம் வரைக்கும். அதனால இப்ப இன்னும் எங்க கறக்கலாம்னு எல்லா காலேஜும் தேடுது. பாட்டிக்கு அடுத்த வருஷம் நன்கொடை ஏறுமோன்னு கவலை. ஏத்துனா ஒரு சீட்டை விட்டுடுவீங்களான்னு கேட்டுட்டேன், கேட்டிருக்கக் கூடாது, கொஞ்ச நேரம் பேசாம அந்தக் காலி நம்பர் மேல கையை வெச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் அன்னிக்கு உக்காந்திருந்தது அதுக்கு அடுத்த நம்பர்.

ஒண்ணு மறந்துட்டேன், இது உங்களுக்குன்னே. 2010 டிசம்பர்ல இந்த மைதானத்துல ஐஸ் போட்டு ஹாக்கி மேட்ச் நடத்திருக்காங்க, 1,04,173 பேர் பாத்ததா கின்னஸ்ல இருக்கு. ஐஸ் ஹாக்கிதான், நம்ம ஹாக்கி இல்ல, இருந்தாலும் கோவில்பட்டில மே மாச டோர்னமெண்ட்டுக்கு சுவர் மேல ஏறி உக்காந்து பாத்த ஆளுகிட்ட சொல்லாம இருக்க முடியுமா.

அம்மாகிட்ட சொல்லுங்க, பருப்புப்பொடி தீந்து போச்சு, கடலைமிட்டாய் இன்னும் ரெண்டு பாக்கெட் இருக்கு. ஒண்ணு அந்தப் பாட்டிக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், மறுபடி பாப்பேனான்னு தெரியல. சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு மொய் என் பேர்லயும் எழுதிடுங்க, 501.

அன்னிக்குப் புல்தரைல வண்டி நிறுத்துனதுக்கு ஹவுஸ் ஓனர் இந்த மாச வாடகைல கொஞ்சம் கழிச்சுக்கிறேன்னாரு, வேண்டாம் முட்டி வலிக்குன்னுதானே வந்தேன்னு சொன்னேன், சரின்னு ஒரு ஆப்பிள் பை குடுத்தாரு. அந்தப் பதினாலு கார்க்காரங்க ஒருத்தருக்கும் அவரு ரசீது குடுக்கலப்பா. நீங்க கேப்பீங்கன்னு தெரியும்.

உங்க மக,
சரசு