தஞ்சை நால்வர் ஆண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி இந்த ஆண்டு மாதக் கூட்டங்களைப் பெரும்பாலும் தஞ்சை நால்வருக்கே ஒதுக்கினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நட்டுவனார் சகோதரர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்றதும் 'பரதத்துக்கு மார்க்கம் (கச்சேரி வரிசை) வகுத்தவர்கள்' என்று பேச்சை முடித்துவிடுகிறோம். அலாரிப்பு முதல் தில்லானா வரையான அந்த வரிசை அவர்கள் தந்ததுதான். ஆனால் அவர்கள் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்களும்கூட. அவர்கள் பாட்டைச் சலங்கை ஒலி இல்லாமல், பாட்டாகவே கேட்டுப் பார்க்கலாமே என்பதுதான் நம் எண்ணம்.

முதல் கூட்டத்தில் பொன்னையாவின் 'மாயாதீத ஸ்வரூபிணி', 'அம்ப நீலாம்பரி' இரண்டும் பாடப்பட்டன. தாலாட்டு ராகமான நீலாம்பரியின்போது பின்வரிசையில் சிலர் கண்ணயர்ந்தார்கள். அதை ராகத்தின் வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

அப்புறம் ஆனந்தபைரவி ராகத்தில் நால்வரின் பதவர்ணமான, நாட்டியத்துக்கான நீண்ட உருப்படியான 'சகியே இந்த வேளையில்'. ஆட்டம் இல்லாமல் பதவர்ணமா, அந்தச் சவுக்க காலத்தை, மெதுவான நடையை, யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று செயற்குழுவிலேயே எதிர்ப்பு எழுந்தது. சரி, ஆட்டத்துக்கான சொற்கட்டுகளான ஜதிகளை விட்டுவிட்டுப் பாட வைத்துப் பார்ப்போம் என்று முடிவானது. அடவுக்காக, அதாவது ஆட்ட அசைவுக்காக, காத்திருக்கும் கண்ணுக்கு வேலை இல்லாதபோது ஆனந்தபைரவி எவ்வளவு நிதானமாக விரிகிறது என்பது அன்று புரிந்தது. எதிர்த்தவர்களே சரணத்தை மறுபடி பாடச் சொன்னார்கள்.

வடிவேலு பற்றிய சொற்பொழிவுக்குத்தான் கூட்டம் அதிகம். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குப் பரிசளித்த யானைத்தந்த வயலினைப் பற்றி வெகுநேரம் பேச்சு ஓடியது. மைசூர் சென்ற சின்னையாவைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. சிவானந்தத்தைப் பற்றி ஒரு தனிக் கூட்டமும் நடத்தவில்லை, இது குறைதான்.

நால்வர் பரம்பரையில் வந்த நட்டுவனார் கிட்டப்பா பிள்ளையும் வீணைக் கலைஞர் கே.பி. சிவானந்தமும் இந்தப் பாடல்களைக் காப்பாற்றித் தந்ததை நினைவுகூரும் வீணைக் கச்சேரியோடு ஆண்டு நிறைவுற்றது. மைக் வழக்கம்போல் படுத்தியது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை கூடியிருக்கிறது, சந்தா பாக்கியும் நிற்கிறது. வரும் ஆண்டில் பிள்ளைகளுக்கு நால்வரின் ஜதிசுவரங்களை (சுவரங்களாலேயே அமைந்த நாட்டிய உருப்படிகளை) கற்றுத்தர ஞாயிறு வகுப்பு தொடங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கும் சேர்த்து ஒப்புதல் தந்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்