லைனுக்குப் போக மனசு வராத மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். காலையில் பைக்கை எடுக்கவே மனசு வரவில்லை, எந்தக் கடைக்குப் போனாலும் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்கிறார்கள், மாசக் கடைசி மீட்டிங்கை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றாய். போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ பெயிண்டுக்கு ஆர்டர் எடுப்பது போல, கடை கடையாக லைனில் சுற்றும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். உன் பெயரையும் கம்பெனிப் பெயரையும் போடவில்லை, கோபப்படாதே.

வீடு கட்டுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கடையில் பெயிண்ட் டப்பா நகராது. நீ எவ்வளவு பேசினாலும் நகராது. இது உனக்கும் தெரியும், உன் ஏரியா மேனேஜருக்கும் தெரியும். ஆனால் டார்கெட் பேப்பரில் இதை எழுத இடம் கிடையாது. அதில் இருப்பது ஆர்டர் என்ற ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை மனசில் வைத்துக்கொண்டு போவதால், கடைவாசலில் உன் வாயில் வருவதும் "ஆர்டர் இருக்காண்ணே?" என்ற ஒரே கேள்விதான். இல்லை என்றால் அந்தக் கடை முடிந்தது. ஒரு நாளைக்குப் பத்து இல்லையைக் கேட்டுவிட்டு மறுநாள் உற்சாகமாகக் கிளம்ப யாரால் முடியும்? கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லச் சொல்கிற வீடியோக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணாடியா ஆர்டர் போடப்போகிறது?

நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு கடையிலும் ஆர்டர் கேட்பதைத் தவிர உனக்கு இன்னொரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலை முடிந்தால் ஆர்டர் இல்லாவிட்டாலும் அந்த நாள் வீணில்லை. மனசு தானாக வரும்.

என்ன வேலை என்று கேட்பாய். நம்ம செட்டிநாட்டை நன்றாகப் பார். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்கு. ஓட்டை மாற்ற வேண்டுமென்றாலும் பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஆக, கடைக்கு வந்து சாமான் வாங்குகிறவர் சொந்தக்காரர் இல்லை. கொத்தனாரோ, பெயிண்டரோ, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரோதான். இவர்களில் எத்தனை பேரை உனக்குத் தெரியும்? வியாபாரம் ஓடும் காலத்தில் இவர்களுக்கு நின்று பேச நேரமிருக்காது. இப்போது டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போய்ப் பேசு. எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் முன்னோருக்குப் படைப்பு, பொங்கலுக்கு எந்தக் குடும்பம் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. சனங்கள் வந்து இறங்குவதற்கு முன்னால்தான் வெள்ளையடிப்பும் மராமத்தும் நடக்கும். மந்தமான வருஷத்திலும் கல்யாணம் நிற்பதில்லை.

அப்புறம் சரக்கறிவு. அந்தப் பழைய வீடுகளின் உள்சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறாயா? முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. கண்ணாடி மாதிரி வழவழக்கும். துணியால் துடைத்தாலே போதும், பெயிண்டே வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷன் பெயிண்டை அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பெயிண்ட் உப்பி உரிந்து வரும். திட்டு வாங்குவது விற்ற கடைக்காரர். "இந்தச் சுவருக்கு எங்க பெயிண்ட் வேண்டாம்ணே, தேக்கு நிலைக்கும் தூணுக்கும் வார்னிஷ் எடுங்க, ஜன்னல் கம்பிக்கு எனாமல் எடுங்க" என்று நீ சொன்னால், அன்றைக்கு உன் பில் குறையும். ஆனால் அடுத்த முறை அந்தக் கொத்தனார் உன்னைக் கேட்காமல் எந்த டப்பாவையும் தொடமாட்டார். கம்பெனி டிரெயினிங்கில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றியவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்த ஆள் கட்டாயம் தேவைப்படும்.

இப்போது உன்னை எச்சரிக்க வேண்டிய ஒன்று. மாசக் கடைசியில் டார்கெட்டுக்காகக் கடைக்காரர் தலையில் சரக்கைக் கட்டாதே. "பில் போட்டுக்கலாம்ணே, மெதுவாப் பணம் தாங்க" என்பது இனிக்கும். நம்ம ஊரே இதில் அடிபட்ட ஊர். 1930-ல் உலகம் முழுக்க விலை சரிந்தபோது பர்மாவில் நெல் விலையும் விழுந்தது. அங்கே போய் வட்டிக்குக் கொடுத்த நம்ம ஊர்ச் செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த வயல்தான் கைக்கு வந்தது. அந்த வருஷம் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத விளைநிலம் செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. பார்த்தால் சொத்து பெருகியது போல இருக்கும். உண்மையில் சுழல வேண்டிய பணம் மண்ணில் போய் மாட்டிக்கொண்டது. நிலம் பறிபோனவர்களின் வெறுப்பும் சேர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. கடைக்காரர் குடோனில் நகராமல் கிடக்கும் உன் சரக்கும், வசூலாகாத உன் பில்லும் அதே ரகம்தான். மந்த காலத்தில் சின்ன பில், சீக்கிர வசூல். மேனேஜர் கத்தினால் கத்தட்டும்.

அதே காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்தார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம்தான் அந்த வங்கியின் முக்கிய வேலை. கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன சனத்துக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை, நம்ம கதை வேறு என்பாய். வாஸ்தவம்தான். வங்கி ஆரம்பிக்க உன்னைச் சொல்லவில்லை. கடைக்காரருக்கு என்ன தேவை என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது நினைவிருக்கிறதா, நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய். பெயிண்டுக்கு 28 சதவீதம். அடுத்த வருஷம் ஜூலையில்தான் 18 ஆனது. நான் அப்போது பைப் விற்கும் லைனில் இருந்தேன். காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடைகளில் பாதிப் பேருக்குப் பில் எப்படிப் போடுவதென்றே புரியவில்லை, சரக்கெடுக்கவே பயந்தார்கள். நான் சாயங்காலம் போய் உட்கார்ந்து பில் போடச் சொல்லிக்கொடுத்தேன். யாரும் சம்பளம் தரவில்லை, காபி தந்தார்கள். ஆனால் கடைக்குள் நுழையும்போது "வாங்க, உட்காருங்க" என்று சொன்னார்கள். அதற்கப்புறம் லைனுக்குப் போவது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

புதன்கிழமை தேவகோட்டை லைன் என்றாய் அல்லவா? கடைப் பாக்கி நோட்டை எடுத்துக்கொண்டு மத்தியானம் இங்கே வந்துவிடு. எந்தக் கடையில் எவ்வளவு நாள் பாக்கி என்று பிரித்து எழுதுவோம், யாருக்கு இனிச் சரக்குக் கொடுக்கக் கூடாது என்று நானே சொல்கிறேன். அத்தை கோழி வாங்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு மணிக்கு மேல் ஆக்கிவிடாதே.

அன்புடன்,
மாமா