ஸ்டிமுலேட்டர் வந்துவிட்டது, பேட் எப்போது வரும்?

மதிப்புக்குரிய மருத்துவக் கருவிகள் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களைத் தசைக்கு மின்சாரம் கொடுத்து நிற்கவும் நடக்கவும் பழக்கும் ஸ்டிமுலேட்டர் எங்கள் தண்டுவடப் பிரிவில் இருக்கிறது. அதற்காகத் தோலில் ஒட்டும் மின்தூண்டல் பேட் கேட்டு அனுப்பிய இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. "கருவி ஏற்கெனவே வழங்கப்பட்டது, உதிரிப் பொருட்களுக்கு ஒதுக்கீடு இல்லை" என்று ஓரத்தில் குறிப்பு. ஐயா, பேட் உதிரிப் பொருள் இல்லை. மின்சாரம் உடம்புக்குள் போகும் வழியே அதுதான். ஊசியை விட்டுவிட்டு சிரிஞ்சை மட்டும் வாங்கினால் ஆடிட்டில் சும்மா விடுவார்களா?

பிரிவில் இருப்பது நான்கு சேனல் கருவி, அதாவது மின்சாரம் தனித்தனியாகப் போகும் நான்கு வழிகள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சேனல்: ஒன்று முன்தொடைத் தசைக்கு, இன்னொன்று முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் நரம்புக்கு. தொடையைத் தூண்டினால் முழங்கால் நிமிர்ந்து ஆள் நிற்பார். வாக்கரில் உள்ள சுவிட்சை அழுத்தினால் அந்தப் பக்கத் தொடைக்குப் போகும் மின்சாரம் நின்று நரம்பு தூண்டப்படும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் அனிச்சையாக மடங்கி, கால் முன்னே வரும். சுவிட்சை விட்டதும் தொடை மறுபடி இறுகும். இப்படித்தான் ஓர் அடி எடுத்து வைக்கிறார். சேனலுக்கு 2 பேட் வீதம் ஒருவருக்கு 8.

பேட் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் குழு தெரிந்துகொள்ள வேண்டும். தொடைக்கு ஒட்டுவது 5-க்கு 9 செ.மீ., அதாவது 45 சதுர செ.மீ. பழைய பேட்டின் ஜெல் காய்ந்து பாதி எழும்பிவிட்டாலும் கருவி மின்னோட்டத்தைக் குறைக்காது. வைத்த 80 மில்லியாம்பியரையும் மீதிப் பாதி வழியாகவே தள்ளும். தோலில் ஒவ்வொரு சதுர செ.மீ. வழியாகவும் பாயும் மின்சாரம் இருமடங்காகிவிடும். உணர்வு உள்ளவர் என்றால் "சுரீர்" என்றதும் கத்திவிடுவார். எங்களிடம் வருகிறவருக்கோ இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. பேட்டை உரிக்கும்போதுதான், ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பியிருப்பது கண்ணில் படும். அது ஆறும்வரை பயிற்சி கிடையாது. அதற்குள் பாடுபட்டுத் தேற்றிய தசை மறுபடி வற்றத் தொடங்கும். ஒருவருக்கு ஒட்டியதை எடுத்து அடுத்தவருக்கு ஒட்டச் சொல்வது தொற்றை வலிய அழைப்பது. அதை நாங்கள் செய்யமாட்டோம்.

தசையை ஏன் முதலில் தேற்ற வேண்டும்? மின்தூண்டலில் தசை இழைகள் முறை வைத்து வேலை செய்வதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்குவதால் சீக்கிரம் களைத்துப்போகும். தேறாத தொடையோடு எழுந்து நிற்க வைத்தால் சில நிமிடத்தில் முழங்கால் மடங்கும். நடக்காத காலில் எலும்பும் மெலிந்திருக்கும்; விழுந்தால் முழங்காலை ஒட்டி முறியும்.

கணக்கு எளிது. சோப்பால் கழுவிய தோலில் ஒட்டி, முடியை மழிக்காமல் கத்தரித்து, பயன்படுத்தியதும் உறையில் மூடிவைத்தால் ஒரு பேட் சுமார் 20 முறை உழைக்கும். முதல் 8 வாரம் தொடைகளுக்கு மட்டும், வாரம் 5 நாள்: 40 முறை, 8 பேட். பிறகு 32 அமர்வு நடைப் பயிற்சி: 16 பேட். ஆக ஒருவருக்கு 24. இந்த 24 பேட்டைத்தான் கேட்கிறோம்.

32 என்பது எங்கள் கற்பனை அல்ல. அமெரிக்காவில் பாராஸ்டெப் என்ற நடைக் கருவி 1994-இல் அனுமதி பெற்றது. அங்கே அரசுக் காப்பீடான மெடிகேர் 2003 முதல் இத்தகைய கருவிக்குப் பணம் தருகிறது; ஆனால் மூன்று மாதத்தில் குறைந்தது 32 பயிற்சி அமர்வுகள் முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டியை மட்டும் கொடுத்தால் யாரும் நடக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் பெட்டிக்கு மாலை போட்டுப் படம் எடுத்தாயிற்று. கம்பெனிக்காரர் கொண்டுவந்த சாம்பிள் பேட்டில் ஒருவர் எழுந்து நின்றார். "நடக்க வைக்கும் எந்திரம்" என்று செய்தியும் வந்தது. அதைப் படித்துவிட்டு வீல்சேரில் வருகிறவர்களுக்கு நுழைவாயிலில் அழகான சாய்தளம் காத்திருக்கிறது. அது முடிகிற இடத்தில் ஒரு படியும் காத்திருக்கிறது. அதற்கு எந்தக் குழுவுக்கு எழுத வேண்டும் என்று சொன்னால் எழுதுகிறோம்.

கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம், மன்னிக்கவும். வருகிற எல்லாருக்கும் இது என்றும் நாங்கள் சொல்லவில்லை. தண்டுவடத்தின் அடிநுனியோ அதற்குக் கீழுள்ள நரம்புகளோ நசுங்கியவருக்குத் தசைக்குப் போகும் நரம்பே செத்திருக்கும். இந்தக் கருவியால் பலன் இல்லை, கேலிப்பர் (காலில் மாட்டும் தாங்கி) தான். மார்பு ஆறாம் கண்டமோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். அப்படி எகிறுகிறவரைச் சேர்ப்பதில்லை. தேறுகிறவரும் வீல்சேரை விட்டுவிடப் போவதில்லை. அவர் நிற்கலாம், சில அடிகள் எடுத்து வைக்கலாம், காலில் தசை பிடிக்கும். இவ்வளவுக்குத்தான் 24 பேட்.

ஆகவே, தெரிவு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 24 பேட் என்ற கணக்கில் ஆண்டுத் தேவையை ரேட் கான்ட்ராக்டில் (விலை ஒப்பந்தத்தில்) சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இனி கருவிக்கு டெண்டர் போட்டால் பேட்டையும் அதே டெண்டரில் போடுங்கள்.

இப்படிக்கு,
தண்டுவடப் பிரிவு இயன்முறை சிகிச்சையாளர்கள்

பின்குறிப்பு: எங்கள் கருவியின் வயர் முனை 2 மி.மீ. பின். பட்டன் வைத்த பேட் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று தயவுசெய்து அதை வாங்கிவிடாதீர்கள். மொத்தமாக வாங்கினாலும் காலாவதித் தேதி பார்த்து, காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டோரில் கிடந்தாலும் ஜெல் காயும்.