வராதாம்

பாளையங்கோட்டை,
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள சுந்தரம்,

"அன்புள்ள" என்று தட்டியதுமே இந்தக் கைப்பேசி அடுத்த சொல்லாக "வாடிக்கையாளர்" என்பதை எடுத்து நீட்டியது. அதைக் குறை சொல்ல முடியாது. கடந்த ஒரு மாதமாக நான் அன்புள்ள என்று தொடங்கிய கடிதங்கள் அத்தனையும் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குத்தான் போயிருக்கின்றன. உனக்கு எழுதி எட்டு மாதமாகிறது. யாரை மறந்தேன், யாரோடு மல்லுக்கட்டினேன் என்று அது கணக்கு வைத்திருக்கிறது, நான் வைத்திருக்கவில்லை. மன்னித்துக்கொள். கோமதியின் முழங்கால் தேவலையா? இங்கே அனைவரும் நலம். கணபதி போன மாதம் வந்திருந்தான். வழக்கம்போல் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு வந்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். தென்காசியில் என் தங்கை மகள் மீனா இந்த வருடம் ஆறாம் வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையின் தரமறிந்து பாடம் நடத்தும் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பள்ளி திறந்த கையோடு தங்கை ஒரு கணக்குச் செயலிக்குப் பணம் கட்டினாள். அதற்கு முன் என்னைக் கேட்டாள், நானும் கட்டச் சொன்னேன். ஆடி மாதம் பேசும்போது மீனா, "மாமா, எனக்குப் பின்னம் வராதாம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "ஆப்தான்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆவணிக் கடைசியில் மறுபடி பேசியபோது, "பின்னமெல்லாம் எனக்கு வராது மாமா" என்றாள். இம்முறை சிரிப்பு இல்லை. இடையில் ஓர் 'ஆம்' உதிர்ந்துபோனதைக் கவனித்தாயா சுந்தரம்? இது என் பேச்சு அல்ல, யாரோ சொன்னது என்று தள்ளி நின்று சொல்வதற்கு நம் மொழி வைத்திருக்கும் அந்தச் சின்ன ஒட்டு இரண்டே மாதத்தில் கழன்று, செயலியின் கருத்து பிள்ளையின் கருத்தாகிவிட்டது.

அன்றிரவே பேருந்து ஏறினேன். மீனாவை உட்காரவைத்துத் தாளில் வேற்றினப் பின்னங்கள் பத்துக் கொடுத்தேன்; எட்டு சரி. பிறகு செயலியைத் திறந்து பார்த்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பீட்சாவை நான்காக வெட்டி அதில் ஒரு துண்டு எது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. காரணம் எட்டரை மணிக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் ஒரே கைப்பேசி. மீனா வைத்ததும் அது அவள் தம்பி கதிரின் கைக்குப் போகிறது. அவன் இரண்டாம் வகுப்பு. விடை தவறானால் திரையில் ஒரு கரடி விசும்பி விசும்பி அழும்; கரடியை அழவைப்பதற்காகவே அவன் தேடித் தேடித் தவறான விடையை அமுக்குகிறான். தினமும் அக்கா ஏறிய படியெல்லாம் தம்பி இறங்கியிருக்கிறான்.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் நான் கடைசி ஒன்பது வருடம் வேலை பார்த்த குழு கட்டியதும் இதே வகைப் பண்டம்தான். புதிய சான்று வரவர ஒரு நம்பிக்கையின் அளவைத் திருத்திக் கணக்கிடும் பேயீஸ் தேற்றத்தைப் பொதுத்தேர்வுக்குப் பாடமாக நடத்தியவன் நீ; ஆகையால் உனக்கு உடனே புரியும். 1990களின் நடுவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் வகுத்த முறையில், ஒரு பிள்ளைக்கு ஒரு பாடம் தெரியுமா தெரியாதா என்பதை நான்கு எண்களால் அளக்கிறார்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒவ்வொரு கணக்கிலும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரிந்தும் சறுக்கும் வாய்ப்பு, தெரியாமலே ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு. அவ்வளவுதான் பிள்ளை. தெரிந்திருக்கும் வாய்ப்பு 95 விழுக்காட்டைத் தொட்டால் தேர்ச்சி என்று அவர்கள் வைத்தார்கள். அந்த மூல வடிவத்தில் மறதிக்கு இடமே இல்லை, கற்றது கற்றதுதான். முதன்முதலில் படித்தபோது நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

சறுக்கலுக்கு 0.1, ஊகத்துக்கு 0.2 என்று வைத்துக்கொள். புதிதாகக் கற்கும் வாய்ப்பை இப்போதைக்கு ஒதுக்கிவிடு. மீனாவுக்குத் தெரியும் என்று இயந்திரம் 90 விழுக்காடு நம்புகிறது. கதிர் ஒரு தவறு செய்கிறான்: 53. இரண்டாவது தவறு: 12. மூன்றாவது தவறில் 2 விழுக்காட்டுக்கும் கீழே. மூன்று முறை கரடி அழுதது, ஜூன் முதல் அவள் உழைத்த உழைப்பு போயிற்று. மறுநாள் அவள் வந்து தொடர்ச்சியாக ஐந்து சரியான விடை சொன்னால்தான் பழைய 90ஐத் தாண்ட முடியும். தாளில் போட்டுப் பார். நீ பிழை பிடித்தால் சந்தோஷப்படுவேன். தேற்றத்தில் தவறே இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பதில் சொன்ன விரல் எல்லா நேரமும் ஒரே பிள்ளையுடையது என்று எவனோ உட்கார்ந்து முடிவு செய்தானே, அங்கேதான் தவறு. எங்கள் குழுவில் அந்த எவன் நான். வடிவமைப்பு ஆவணத்தில் "பயனர்" என்று ஒருமையில் எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். நாம் வளர்ந்த வீடுகளில் ஒரு சீப்பை எத்தனை பேர் வைத்திருந்தோம் என்பது அந்த ஒருமையை எழுதும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

படம் காட்டுகிறவர்களுக்குக்கூட இது எப்போதோ உறைத்துவிட்டது. ஒரே கணக்கில் அப்பாவும் பிள்ளையும் பார்க்கிறார்கள் என்பதால் நெட்ஃபிளிக்ஸ் 2013லேயே ஆளுக்கொரு தனி முகப்பு வைத்தது. அதைவிட என்னை உறுத்துவது இன்னும் பழைய கதை. 1979இல் எலைன் ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'கிரண்டி' என்றொரு நிரலைப் பற்றி எழுதினார். அது நூலகர்போல நாவல்களைப் பரிந்துரைக்கும். முதலில் உங்களைப் பற்றிச் சில சொற்களில் சொல்லுங்கள் என்று கேட்கும். அந்தச் சொற்களை வைத்து, இன்ன வகை ஆள் என்று ஒரு வார்ப்பில் போட்டுப் புத்தகத்தை நீட்டும். வார்ப்பு முரடானதுதான். ஆனால் புத்தகம் பிடிக்கவில்லை என்று சொன்னால், எதனால் என்று கேட்டுத் தன் கருத்தைத் திருத்திக்கொள்ளும். இன்றைக்கு எவனும் நம்மிடம் கேட்பதில்லை. எங்கே அமுக்கினோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்று ஓரமாக நின்று பார்த்துக் குறித்துக்கொள்கிறான். மெஸ்ஸில் பரிமாறிய மாணிக்கண்ணன் உன்னைக் கேட்காமலே உன் இலையில் ஆறு பூரி வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள். அவரிடமாவது போதும் என்று நீ கையெடுத்துக் கும்பிட முடிந்தது.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தி, முன்வரிசைக்குக் கொட்டாவியும் பின்வரிசைக்குக் கிலியும் கொடுத்த வகுப்பைவிட இது மேலில்லையா என்பாய். மேல்தான். ஆளறிந்து நடக்கும் கருவியை நான் வெறுக்கவில்லை. வெறுத்தால் என் ஓய்வூதியத்தையும் சேர்த்து வெறுக்க வேண்டும். நீயும்தான் மனத்துக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருந்தாய். (கணபதி விஷயத்தில் முப்பது வருடமாக அதை மாற்றவே இல்லை.) ஆனால் உன் வகுப்பில் கதிர் எழுந்து மீனாவின் இடத்தில் உட்கார்ந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

நாம் எப்படி வளைந்து கொடுக்கிறோம் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. 1990களில் கொலராடோவின் போல்டர் நகரில் மைக்கேல் மோசர் என்ற பேராசிரியர் தாம் குடியிருந்த வீட்டையே பரிசோதனைச் சாலையாக்கினார். 75க்கும் மேற்பட்ட உணரிகள். விளக்கு, வெப்பம், வெந்நீர் எல்லாவற்றையும் அவர் பழக்கங்களைக் கவனித்து வீடே நிர்வகிக்கும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துப் பார்க்கும். அவர் எழுந்துபோய்க் கூட்டாவிட்டால் இவருக்கு இது போதும் என்று குறித்துக்கொண்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் செய்த அதே வேலை. பிற்பாடு அவர் எழுதிய ஒரு விஷயம் என்னைவிட்டு அகலவில்லை: அலுவலகத்தில் இரவு எட்டு மணியாகிவிட்டால், வீடு தம்மை எதிர்பார்த்துக்கொண்டிருக்குமே என்று அவருக்குக் குற்றவுணர்ச்சி வருமாம். வீட்டைக் கட்டியவர் அவர். உள்ளே இருப்பது வெறும் எண்கள் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? அவருக்கே அப்படியென்றால் பதினொரு வயதுப் பிள்ளை என்ன செய்வாள்? அழும் கரடிக்கு இரங்கி, எளிய கணக்காகப் பார்த்துப் பொறுக்கிப் போட ஆரம்பித்திருக்கிறாள். எளிய கணக்கு போடுகிறாள் என்பதையும் செயலி குறித்துக்கொள்கிறது.

சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜூடி கே பல வருடங்களாகச் சொல்லிவரும் வழி ஒன்று உண்டு. இயந்திரம் நம்மைப் பற்றி என்ன நம்புகிறது, எதைக் கண்டு அப்படி நம்புகிறது என்பதை நாம் திறந்து பார்க்கவும் மறுத்துத் திருத்தவும் இடம் வேண்டும் என்பார். எங்கள் குழுவிலும் இந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. பிள்ளைகள் ஏமாற்றுவார்கள் என்று சொல்லித் தள்ளிவிட்டோம். ஏமாற்றட்டுமே சுந்தரம்! "எனக்குத் தெரியும்" என்று பொய் சொல்லும் பிள்ளைக்கு அடுத்த கணக்கே பதில் சொல்லிவிடாதா?

நிறுவனத்துக்கு ஐந்து கடிதம் எழுதினேன். நான்குக்கு ஒரே பதில், என் பெயர்கூடத் தவறாக. ஐந்தாவதுக்கு ஒரு மனிதர் பதில் எழுதினார். பழைய நிலையை மாற்ற வழியில்லை, புதிய கணக்கு தொடங்கிக்கொள்ளலாம் என்றார். தொடங்கினோம். தொடக்கத் தேர்வு எழுதச் சொன்னது. மீனா கைப்பேசியை என்னிடம் நீட்டி, "நீங்களே போடுங்க மாமா, அப்பதான் நல்ல பாடம் குடுக்கும்" என்றாள்.

ஆகவே ஓர் உதவி. வேற்றினப் பின்னத்தில் இருபது கணக்கு உன் கையெழுத்தில், அந்தப் பச்சை மையில், எழுதித் தபாலில் அனுப்பு. நடுவில் இரண்டு மூன்று கடுமையாகவே இருக்கட்டும். விடைகளை மீனா உனக்கே அனுப்புவாள்; திருத்தி, தவறான இடத்தில் ஏன் தவறு என்று ஒரு வரி எழுது. கதிருக்கும் தனித்தாளில் ஐந்து கூட்டல் போடு, இல்லாவிட்டால் அக்காளுடையதைக் கிழிப்பான். தென்காசி முகவரி உன்னிடம் இருக்கிறது.

கோமதிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமு