கண் தந்த கைகளுக்கு நன்றி மடல்

விடுமுறை நாளிலும் வீட்டில் இருக்காமல் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு சதமும் வாங்காமல் எங்கள் ஊர் முதியவர்களுக்கு வெண்புரை சத்திரசிகிச்சை செய்துதந்த கண் வைத்திய நிபுணர்களுக்கும் தாதியருக்கும் எங்கள் முதியோர் சங்கத்தின் நன்றி. பெயர் போடவேண்டாம் என்றீர்கள். சரி, போடவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் காப்புறுதி என்றால் அது மோட்டார் சைக்கிளுக்கு எடுப்பது. அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. வயல் கூலிக்குப் போகிறவருக்கும் மாடு மேய்க்கிறவருக்கும் என்ன இருக்கிறது? அரச ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். தனியாரிடம் காசு கட்டி, சனல் பண்ணிக் காட்டினால் ஒப்பரேஷன் செலவைக் கேட்டதும் எழும்பி வந்துவிடுவோம். "வயசு போனால் கண் மங்கத்தானே செய்யும்" என்று பேசாமல் இருந்தவர்கள்தான் எங்களில் அதிகம்.

முதல் நாள் இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று சிலரைத் திருப்பி அனுப்பினீர்கள். அதற்கு உங்களை ஏசியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அப்படித் திருப்பி அனுப்பியதற்கும் சேர்த்தே இந்த நன்றி. சீனி கட்டுப்படாமல் ஒப்பரேஷன் செய்தால் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம் என்று அந்தத் தாதித் தங்கச்சி ஒவ்வொருவருக்கும் முகம் சுளிக்காமல் சொன்னா. மறுகா சீனி குறைந்ததும் அவர்களையும் கூப்பிட்டுச் செய்தீர்கள். அவவே, எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களின் துளிமருந்துப் போத்தல்களில் ஒன்றுக்குச் சிவப்பு நூலும் மற்றதுக்குப் பச்சை நூலும் கட்டிவிட்டா. இதை எந்தப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியாது.

கட்டு அவிழ்த்ததும் ஒரு அம்மம்மா முதலில் பார்த்தது பக்கத்தில் நின்ற மகளின் தலையை. "என்ன புள்ள, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சது?" வார்டே சிரித்தது, மகளைத் தவிர.

வாடகை வாங்காமல் ஏற்றி இறக்கிய ஓட்டோத் தம்பிமாருக்கும் நன்றி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்த சனம் நாங்கள். வாசலில் வந்து ஏற்றிப்போவதன் அருமை தெரியும். சோறு கட்டித்தந்த மாதர் சங்கத்தாருக்கும், நேரம் பார்த்துத் துளிமருந்து விட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அப்படியே. படம் எடுக்க மட்டும் வந்தவர்களுக்கும் நன்றி. வந்த கையோடு போய்விட்டார்கள்.

மற்றக் கண்ணுக்குப் பதிந்தவர்கள் சீனி, பிரஷர் குளிசைகளை விடாமல் போடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்வது இனி எங்கள் பொறுப்பு. நீங்கள் நாளைச் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியோடு வந்து நிற்போம்.

இப்படிக்கு,
செயலாளர், முதியோர் சங்கம்,
கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊரொன்றிலிருந்து