பபூனுக்கு மைக் கொடுக்காதே என்பவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவிழா நாடகங்களில் பபூன் பச்சையாகப் பேசுகிறார், ஊர்ப் பெரிய மனிதர்களையும் அரசியல்வாதிகளையும் பெயர் சொல்லிக் கிண்டலடிக்கிறார், இனிமேல் போலீஸ் அனுமதியே தரக்கூடாது என்று ஒரு வாசகர் போன வாரம் உங்கள் பத்திரிகையில் கொதித்திருந்தார். நான் மேலூர் பக்கத்துக்காரன், வள்ளி திருமணம் எந்த ஊரில் நடந்தாலும் பத்து மணிக்கே போய் இடம் பிடித்து, விடிந்த பிறகுதான் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருக்கிற ஆள். அதனால் இந்தப் பதில்.

அவருடைய புகார் ரொம்பப் பழைய புகார். கிரேக்க நாட்டு ஏதென்ஸில் அரிஸ்டோபனீஸ் என்று ஒரு நகைச்சுவை நாடகக்காரர் இருந்தார். சுமார் 40 நாடகம் எழுதியதில் முழுதாகக் கிடைப்பவை 11. அங்கேயும் நாடகம் சாமி விழாவில்தான், செலவை ஊர்ப் பணக்காரர் ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். கி.மு. 426-இல், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், அவர் போட்ட ஒரு நாடகத்தைப் பார்த்து அன்றைய பெரிய தலைவர் கிளியோனுக்கு ஆத்திரம். கப்பம் கட்ட வந்த வெளியூர்க்காரர்கள் முன்னால் ஊர் மானத்தை வாங்கிவிட்டான் என்று மன்றத்தில் புகார் கொடுத்தார். இவர் அடங்கினாரா என்றால் இல்லை. அடுத்த வருஷம் குளிர்கால விழாவில், இப்போது வெளியூர் ஆள் யாரும் இல்லை, நாம்தான் இருக்கிறோம் என்று கதாநாயகனைப் பேசவைத்தே முதல் பரிசு வாங்கினார்.

424-இல் வந்த 'குதிரை வீரர்கள்' அதற்கும் மேல். அதில் 'மக்கள்' என்று பெயர் கொண்ட ஒரு கிழவர், அவரை ஏமாற்றிப் பிழைக்கும் வேலைக்காரன், அவனையும் மிஞ்சிவிடுகிற குடல் வியாபாரி. வேலைக்காரன் கிளியோன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தை மாதிரி முகமூடி செய்யக் கலைஞர்கள் பயந்துவிட்டார்கள் என்று நாடகத்திலேயே ஒரு வசனம் வேறு! முந்தைய வருஷம்தான் பைலோஸ் என்ற இடத்தில் நடந்த போரில் கிடைத்த வெற்றிக்காக கிளியோனுக்கு விழாவில் முன்வரிசை உரிமை தந்திருந்தார்கள், அந்த உரிமையையும் அரிஸ்டோபனீஸ் கிண்டலடிக்காமல் விடவில்லை. நாடகத்துக்கு முதல் பரிசு கொடுத்த அதே ஜனங்கள், சில வாரம் கழித்து அதே கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, பபூன் பேச்சைக் கேட்டு ஊர் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அரிஸ்டோபனீஸ் சொன்னதெல்லாம் நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. 423-இல் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டு, ஊரை ஏமாற்றுகிற வாத்தியாராகக் காட்டினார். நாடகம் கடைசி இடத்துக்குப் போனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, 399-இல் உயிருக்காக வாதாடும்போது சாக்ரடீஸ் இந்த நாடகத்தைக் குறிப்பிட்டார் என்று பிளேட்டோ எழுதியிருக்கிறார். நம்மூர் மேடையில் டான்ஸ் ஆட வரும் பெண்ணை வைத்து பபூன் அடிக்கிற சில ஜோக்குகளைக் கேட்கும்போது எனக்கும் எழுந்து போய்விடலாம் போலத்தான் இருக்கும். அப்படிப் பேசக்கூடாது என்று நாடகத்துக்கு ஒப்பந்தம் பேசி முடிக்கும்போதே விழாக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லலாம். சில ஊர்களில் சொல்கிறார்கள்.

ஆனால் பெரிய மனிதர்களைக் கிண்டலடிக்கக் கூடாது, போலீஸ் வர வேண்டும் என்பது வேறு விஷயம். திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் வள்ளி திருமண மேடையில் வெள்ளைக்காரனைக் கொக்கு என்று பாடியபோது போலீஸ் வரத்தான் செய்தது, அவர் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து திரும்பவும் பாடினார். 1940-இல் அவர் உயிர் போனதே முருகன் வேஷத்தோடு மேடையில்தான்.

சரி, அந்த வாசகர் இந்தப் பங்குனிக்கு எங்கள் ஊருக்கு வரட்டும். முன்வரிசையில் நானே பாய் விரித்து வைக்கிறேன். அவர் கடிதம் எழுதிய சங்கதியை பபூன் காதில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலூர், மதுரை மாவட்டம்.